கரை நாடா பிடிச்ச கை



2018 ஜூன் மாசம். சொர்ணவாரி பயிருக்குத் தண்ணி கட்டிட்டு வரப்புல உட்கார்ந்திருந்தேன். சென்னையில இருக்கிற சிநேகிதர் ஒருத்தர் வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ அனுப்பினார். நீங்களும் பார்த்திருப்பீங்க. திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு பக்கத்துல வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளி. அங்க ஆறாம் வகுப்புல இருந்து பத்தாம் வகுப்பு வரைக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஓர் இளம் ஆசிரியருக்கு வேற ஊருக்கு மாறுதல் வந்துடுச்சு. பசங்க அவரைச் சுத்தி நின்னு, இடுப்பைக் கட்டிப் பிடிச்சு, போகாதீங்க சார்னு கதறுறாங்க. அவரும் அழுகிறார். ஏ.ஆர்.ரஹ்மான் வரைக்கும் அந்தச் செய்தியைப் பகிர்ந்தார். மாறுதலையே கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வச்சாங்க.

"இந்தக் காலத்துல ஒரு வாத்தியாருக்காக இப்படி அழுவாங்களா?"ன்னு சிநேகிதர் கேட்டார். அந்த ஊர் எங்களுக்கு அந்நியம் இல்லை. 1997ல மாவட்டத்தைப் பிரிக்கிற வரைக்கும் அவங்களும் நாங்களும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம்தான். அவருக்குப் போன்ல பதில் சொல்லி முடிக்க முடியல. அதனால எங்க பெரிய காஞ்சிபுரத்துக் கதையை இங்க எழுதுறேன்.

காஞ்சிபுரத்துக்குக் கல்விப் பெருமை பேச ரொம்பப் பிடிக்கும். பல்லவர் காலத்துல இங்க கடிகைன்னு ஒரு பெரிய கல்விச்சாலை இருந்தது. கர்நாடகத்துல தாளகுண்டாங்கிற ஊர்ல ஒரு கல்தூண் இருக்கு. கதம்ப அரசைத் தொடங்கின மயூரசர்மன் தன்னோட குருவோட காஞ்சிக் கடிகைக்குப் படிக்க வந்தான், வந்த இடத்துல ஒரு பல்லவக் குதிரை வீரனோட தகராறு ஆகி, தர்ப்பை பிடிச்ச கையால வாளை எடுத்தான்னு அதுல வெட்டி வச்சிருக்காங்க. அந்தக் கல்லுல குருவோட பேரும் இருக்கு, வீரசர்மன்னு. ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் வாத்தியார் பேர் அழியல.

ஆனா கடிகையில நெசவுக்காரர் பிள்ளையும் உழவன் பிள்ளையும் உட்கார்ந்து படிச்சதா நாம கேட்டதில்லை. எங்களுக்குக் கல்விங்கிறது திண்ணைப் பள்ளிக்கூடத்துல ஆரம்பிச்சு, எட்டாவது வரைக்கும் இருக்கிற நடுநிலைப் பள்ளியோட முடிஞ்சது. எட்டாவது தாண்டினா உத்தியோகத்துக்கு ஒரு வழி உண்டு. தாண்டாதவனுக்குத் தறி, இல்லைன்னா ஏர்.

தறி ஏன் சின்னப் பிள்ளைங்களைக் கேட்டதுன்னு பட்டணத்து நண்பர்களுக்குச் சொல்லணும். காஞ்சிபுரம் பட்டுப் புடவைக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே கோர்வைதான். உடல் ஒரு கலர், ரெண்டு பக்கக் கரையும் வேற கலர். தனித்தனியா நெய்து தைக்கிறதில்லை. தறியிலேயே ஒவ்வொரு இழையிலும் உடல் நூலையும் கரை நூலையும் கோத்துக்கிட்டே போகணும். அதுக்கு மூணு நாடா வேணும். நெசவுக்காரருக்கு ரெண்டு கைதான். அதனால ஒரு பக்கத்துக் கரை நாடாவைப் போட இன்னொரு ஆள் பக்கத்துல உட்காரணும். அந்த இடத்துல பெரியவங்களை வச்சா கூலி கட்டுப்படியாகாது. சின்னக் கை போதும். பத்து வயசுல இருந்து பதினாலு வயசு வரைக்குமான கை. அதாவது சரியா நடுநிலைப் பள்ளி வயசு.

பிள்ளையார்பாளையம் பக்கம் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்ட காலம் அது. முதலாளிகிட்ட முன்பணம் வாங்கின வீட்டுல, கடன் தீர்ற வரைக்கும் பிள்ளை தறியை விட்டு எழுந்திருக்க முடியாது. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டுல ஒரு பையனுக்கு வரிசையா ஆப்சென்ட் விழுந்தா, ஏதோ ஒரு புடவையில கரை வளர்ந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

1953ல ராஜாஜி அரசாங்கம் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்குத் தினமும் மூணு மணி நேரம்தான் படிப்பு, மிச்ச நேரம் அப்பன் தொழிலைக் கத்துக்கிடட்டும்னு ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வித் திட்டம்னு எதிர்ப்பு கிளம்பிச்சு. எதிர்த்தவங்கள்ல ஒருத்தர் இதே காஞ்சிபுரத்துல நெசவுக் குடும்பத்துல 1909ல பிறந்த அண்ணா. அவரே குடும்பக் கஷ்டத்துல படிப்பை விட்டு, நகராட்சியில எழுத்தரா இருந்துட்டு, திரும்பப் போய்ப் படிச்சவர். 1954ல காமராஜர் வந்ததும் திட்டம் போச்சு. 1956ல மதிய உணவு வந்தது. பள்ளிக்கூடங்கள் பெருகிச்சு. ஆனா சோறு போட்டும் தறிக்குழியில இருந்து எழுந்து வராத பிள்ளைங்க இருந்தாங்க. அவங்களைக் கூப்பிட அரசாங்கம் வீட்டுக்கு வரல. வாத்தியார்தான் வந்தார்.

நான் பார்த்ததைச் சொல்றேன். 1980களோட கடைசி. எங்க கிராமத்துல இருந்து சைக்கிள்ல பெரிய காஞ்சிபுரம் போய்ப் படிச்சேன். ஏழாவதுல என் பக்கத்துல உட்கார்ந்தவன் தீபாவளிக்கு முன்னாடி நின்னுட்டான். எங்க கணக்கு சார் ஒரு சாயங்காலம் என்னைக் கூட்டிக்கிட்டு அவன் வீட்டுக்குப் போனார். செருப்பை வாசல்ல விட்டுட்டு, தறிக்குழி ஓரமா தரையில உட்கார்ந்தார்.

"சார், நீங்க தரையில உட்காரலாமா?"ன்னு அவங்க அப்பா பதறினார்.

"பரவாயில்லைங்க. புள்ளைய நாளைக்கு அனுப்புங்க."

"அவன் வந்துட்டா கரை யார் சார் போடுறது? மூவாயிரம் வாங்கியிருக்கேன்."

சார் சண்டை போடல. சட்டம் பேசல. 1986லேயே குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தாச்சு, ஆனா வீட்டுக்குள்ள குடும்பத்தோட செய்யிற வேலையை அது தொடல. மூணு வாரம், தினமும் சாயங்காலம் வந்தார். அங்கேயே உட்கார்ந்து, அவன் நாடா போட்டுக்கிட்டு இருக்கும்போதே கணக்கு சொல்லிக்கொடுத்தார். நாலாவது வாரம் அவன் பள்ளிக்கூடம் வந்துட்டான்.

இவ்வளவுதான்னா இது சந்தோஷமான கதை. ஆனா தறி காலியா இருக்கலையே. அவன் எழுந்த இடத்துல அவன் தங்கச்சி உட்கார்ந்தா. அஞ்சாவது படிச்சுக்கிட்டு இருந்த பொண்ணு. அதுக்கப்புறம் அவ பள்ளிக்கூடம் வரவே இல்லை.

காலம் மாறிச்சு. சிவகாசி வழக்குல 1996ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 2003ல ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில காஞ்சிபுரம் பட்டுத் தறிகளும் இடம் பிடிச்சது. 2010ல கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2016ல குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினப்பவும், பள்ளி நேரம் போக குடும்பத்துக்கு உதவலாம்னு ஒரு கதவைத் திறந்தே வச்சாங்க. இன்னைக்குத் தறியே குறைஞ்சு போச்சு.

சில வருஷத்துக்கு முன்னாடி நாங்க பழைய பசங்க சேர்ந்து சாரைப் பார்க்கப் போனோம். கச்சபேசுவரர் கோயில் பக்கத்துல சால்வை, மாலை, பழம் வாங்கிக்கிட்டுப் போனோம். என் நண்பன் இப்போ பஸ் கண்டக்டர். அவன் மகள் இன்ஜினியரிங் முடிச்சிருக்கா. அவன் சார் கால்ல விழுந்து, "நீங்க வரலைன்னா நான் இல்லை சார்"னு அழுதான்.

சார் அவனைத் தூக்கி நிறுத்தினார். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டார்:

"உன் தங்கச்சி எப்படிப்பா இருக்கா? அவளை நான் கூப்பிட வரலையே."

முப்பது வருஷமா அந்த மனுஷன் ஆப்சென்ட் போட்ட பேரை மறக்கல. அடுத்த வாரம் நண்பன் தங்கச்சியைக் கூட்டிக்கிட்டுப் போனான். அவங்க கையால நெய்த ஒரு கோர்வைத் துணியை சாருக்குக் கொடுத்தாங்களாம். என்ன பேசினாங்கன்னு நான் கேட்கல.

வெளியகரம் பசங்க ஏன் அழுதாங்கன்னு கேட்ட சிநேகிதருக்கு இதுதான் என் பதில். பாடம் நடத்துறவர் எந்த ஊர்லயும் கிடைப்பார். நாம வரலைன்னா தேடி வர்றவர் போறப்போதான் பிள்ளைங்க கட்டிப் பிடிச்சுக்குறாங்க. உங்களைத் தேடி வந்த வாத்தியார் யாராவது இன்னும் உயிரோட இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாங்க.

தண்ணி மடை மாத்தணும். அப்புறம் பேசுவோம்.