புயற்கூண்டு சொல்லும் செய்தி

டில்லி சரோஜினி நகரில் வாழும் தமிழர்க்கு ஐப்பசியும் கார்த்திகையும் மழையற்ற மாதங்கள். இங்கே மழை ஆடி, ஆவணியில் பெய்து புரட்டாசியோடு விடைபெறுகிறது. நம் சொந்த ஊர்களிலோ அதன் பின்னரே வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. வங்கக் கடலில் புயல்கள் உருவாகும் காலமும் அதுவே. நாம் இங்கே கம்பளியைத் தேடும் வேளையில், நாகையிலும் கடலூரிலும் நம் உறவினர் வானத்தை நோக்கியவண்ணம் இருப்பர். அவ்வானத்தின் குறிப்பை அறிந்து கூறும் இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் நமக்கு அண்மையில், லோதி சாலையில்தான் இருக்கிறது.

அத்துறையின் வரலாறு துயரத்தில் தொடங்குகிறது. 1864ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பலரை மாய்த்தது காற்றன்று; காற்றால் உந்தப்பட்டு நிலத்துள் புகுந்த நீரே. மறு ஆண்டே அத்துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை தரும் ஏற்பாடு தொடங்கிற்று. 1875இல் நாடு முழுமைக்குமான வானிலைத் துறை நிறுவப்பட்டது. கல்கத்தா, சிம்லா, பூனா என்று இடம் மாறிய தலைமையகம் 1944இல் டில்லிக்கு வந்தது.

துறைமுகங்களில் ஏற்றப்படும் புயற்கூண்டை நாம் அறிவோம். 1 முதல் 11 வரை எண்ணிட்ட அக்குறிகள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பொருள் உண்டு. 1 என்பது தொலைவில் உள்ள இடரைக் குறிக்கும். 10 என்றால், கடும்புயல் துறைமுகத்தின் மீதோ அதற்கு அண்மையிலோ கரையேறும் என்பது பொருள். 11ஆம் கூண்டு சொல்வது வேறு: எச்சரிக்கை நிலையத்தோடு செய்தித் தொடர்பே அற்றுப்போயிற்று என்பதே அதன் பொருள். வரிசையின் இறுதியில் அக்குறியை வைத்தது சிந்திக்கத்தக்கது. செய்தி நின்றுபோவதும் புயலை ஒத்த பேரிடரே அன்றோ?

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடி அத்தகைய நிலையில்தான் இருந்தது. இலங்கையைக் கடந்து வந்த புயல் அத்தீவு முனையைத் தாக்கியது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டி, ஊரை நெருங்கும் வேளையில் பேரலையில் மூழ்கியது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் எவரும் மீளவில்லை. புகைவண்டி நிலையமும் அஞ்சலகமும் கொண்டு, தலைமன்னாருக்குக் கப்பல் விட்ட ஊர் ஓரிரவில் இடிபாடாயிற்று. சிதைந்த பாம்பன் பாலம் 46 நாட்களில் செப்பனிடப்பட்டது. ஊர் மட்டும் மீண்டும் எழவில்லை.

அதன் பின் அறிவியல் வேகமாய் வளர்ந்தது. 1970இல் விசாகப்பட்டினத்தில் புயலைக் கண்டறியும் ராடார் அமைந்தது. பின்னர்ச் செயற்கைக்கோள்கள் கடல் முழுவதையும் கண்காணிக்கத் தொடங்கின. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடப்பதற்கு முன்பே, 80,000க்கும் மேற்பட்டோர் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டனர். டெல்டாவின் தென்னந்தோப்புகள் சாய்ந்தன; உழவர் பல்லாண்டு உழைப்பை இழந்தனர். எனினும் பழைய புயல்களைப் போல ஆயிரக்கணக்கில் உயிர்கள் மாளவில்லை. உரிய வேளையில் செய்தி சென்றதும், சென்ற செய்திக்கு மக்கள் செவிசாய்த்ததுமே அதற்குக் காரணம்.

இவ்விரண்டாம் பகுதியில் நமக்கும் பங்கு உண்டு. முதிய பெற்றோர் வீட்டை விட்டுக் கிளம்ப எளிதில் இசையார். மகன் சொன்னால் ஒருவேளை கேட்பர். ஆகவே, ஐப்பசி பிறக்குமுன் கூரையையும் வடிகாலையும் செப்பனிடப் பணம் அனுப்புவோம். பட்டா, குடும்ப அட்டை முதலியவற்றை நீர் புகாத உறையில் இடச் சொல்லுவோம். குடிநீரும் விளக்கும் மருந்தும் சேர்த்துவைக்க நினைவூட்டுவோம். பெரும்புயலின் நடுவே காற்று திடீரென ஓய்ந்தால் அது புயலின் கண்ணாக இருக்கலாம் என்றும், சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்பும் என்றும், அதுவரை வெளியே வரலாகாது என்றும் எடுத்துரைப்போம்.

இவற்றையெல்லாம் கம்பிகள் அறுந்த பின் சொல்ல இயலாது. முதற் கூண்டு ஏறியவுடனே ஊருக்குப் பேசிவிடுவது நம் கடமை.