பிரெஞ்சு நாவலும் சித்தூர்க் கலைஞரும்

ஒரு மொழியிற் பிறந்த உயர்ந்த கதை அம்மொழியின் எல்லைக்குள் அடங்கி நிற்பதில்லை. கண்ணீருக்கு மொழி வேற்றுமை இல்லையாதலின், அது கடல் கடந்து சென்று, புகுந்த வீட்டின் மகளாகவே ஆகிவிடுகின்றது. பிரெஞ்சு நாவலொன்று தமிழ் வெள்ளித்திரைக்கு வந்த வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அவ்வரலாற்றில் நம் சித்தூருக்கும் பங்குண்டு.

விக்டர் ஹியூகோ, மூன்றாம் நெப்போலியனை எதிர்த்து நாடு துறந்து வாழ்ந்த காலத்தில், 1862-இல் 'லே மிசராப்' என்னும் நாவலை வெளியிட்டார். தமக்கை மக்களின் பசி பொறாது ரொட்டி திருடிய ழான் வால்ழான், அக்குற்றத்திற்கு 5 ஆண்டும், தப்பியோட முயன்றமைக்கு 14 ஆண்டுமாக 19 ஆண்டுகள் சிறையில் வாடுகிறான். விடுதலை பெற்று வந்தவனுக்கு ஊரார் கதவடைக்க, மேற்றிராணியார் ஒருவர் உணவும் படுக்கையும் அளிக்கிறார். அவர் வீட்டு வெள்ளிப் பாத்திரங்களையே அவன் திருடிச் செல்கிறான். காவலர் பிடித்து வந்தபோது, அவை தாம் கொடுத்தவையே என்று கூறி, வெள்ளி விளக்குத் தண்டுகளையும் சேர்த்து வழங்குகிறார் அப்பெரியார். திருடன் அன்றே திருந்துகிறான். வள்ளுவர் வகுத்த 'இன்னா செய்யாமை' அதிகாரத்திற்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டுமோ!

புதுவையில் நெடுங்காலம் தவவாழ்வு நடத்திய கவியோகி சுத்தானந்த பாரதியார் இந்நாவலைத் தமிழாக்கினார். 'ஏழை படும் பாடு' என்று அவர் இட்ட பெயரைப் பாருங்கள்! நம் தாய்மார் நாவில் அன்றாடம் வழங்கும் தொடரன்றோ அது!

அதே பெயரில் 1950-இல் கோயமுத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோவினர் படமெடுத்தனர். ஸ்ரீராமுலு நாயுடு தயாரிக்க, கே. ராம்நாத் இயக்கினார். விடாது துரத்தும் காவல் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமன், அதன்பின் வாழ்நாள் முழுதும் 'ஜாவர்' சீதாராமன் என்றே வழங்கப்பெற்றார். இக்கதையே 'பீதல பாட்லு' எனத் தெலுங்கிலும் அவ்வாண்டில் வெளிவந்தது.

இரு படங்களிலும் கதாநாயகர் சித்தூர் வி. நாகையாவே. சித்தூர் இராம விலாச சபையின் மேடையில் வளர்ந்த அக்கலைஞர், 'மீரா'வில் எம்.எஸ். சுப்புலட்சுமியுடன் நடித்தவர், 'தியாகய்யா'வைத் தாமே இயக்கி நடித்தவர். ஈட்டிய பொருளை இல்லாதார்க்கு வாரி வழங்கியவர். 1965-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1973-இல் மறைந்தார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அவர், அக்கதையின் துயரத்தை இரு மொழியிலும் பேசி இரு மக்களையும் உருக வைத்தார்.

அன்று சித்தூர் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அதன் பகுதியாயிற்று. எல்லைகள் மாறின, இல்லத்து மொழி மாறவில்லை. ஆயினும், இராமகுப்பத்தில் வாழும் நம் குழந்தைகளுள் வீட்டில் தமிழ் பேசியும் தமிழ் எழுத்தறியாதார் உளர். பேச்சளவில் நிற்கும் மொழி ஒரு தலைமுறைக்குமேல் தங்குமா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தெலுங்கை அவர்கள் செம்மையாகக் கற்கட்டும். அது நம்மை வாழவைக்கும் மண்ணின் மொழி. அதனோடு நாள்தோறும் அரைமணி நேரம் தமிழெழுத்தும் பயிலட்டும். அண்மையிலுள்ள குப்பத்தில் 1997-இல் நிறுவப்பெற்ற திராவிடப் பல்கலைக்கழகம் இம்மொழிகளின் உறவைப் பேணுகின்றது. வீட்டுத் திண்ணையில் அப்பணியைத் தொடங்க வேண்டியவர்கள் பெற்றோர்களே. பிரெஞ்சு ஏழையின் பாட்டை நம் பாடாக்கித் தந்த நூலை, நம் பிள்ளைகள் தாமே படிக்கும் நாள் விரைவில் வருக!

வாழ்க தமிழ்! வளர்க நட்பு!