ஒரு புள்ளி வளர்ந்த கதை

முதலில் அது ஒரே ஒரு புள்ளி. நிறம் சாம்பல், கிடந்த தரையும் சாம்பல். பார்த்தால் தெரியாது, மேலே நடந்து போனால்தான் கையில் ஒட்டும். 1980-ல் வந்த ‘அட்வென்ச்சர்’ என்ற அட்டாரி வீடியோ கேமில், கறுப்புக் கோட்டையின் சுற்றுவழிகளுக்கு நடுவே, வாசலே இல்லாத ஓர் அறையில் அது கிடந்தது. பாலத்தைச் சுவர்மேல் போட்டுத்தான் உள்ளே போக முடியும். எடுத்துக்கொண்டு மஞ்சள் கோட்டைப் பக்கம் வந்து, இன்னும் சில பொருட்களையும் அங்குள்ள ஓர் அறையில் சேர்த்தால், ஒரு சுவர் மினுக்கி வழிவிடும். அப்பால் இருந்தது ஒரு பெயர்: வாரன் ராபினெட்.

வெறும் 4 கேபி நினைவகத்துக்குள் அந்த கேமைத் தனியாளாக எழுதியவர் அவர். கேமை உருவாக்கியவர்களின் பெயரை அட்டாரி வெளியிடாத காலம் அது. எனவே யாரிடமும் சொல்லாமல் தன் கையெழுத்தைப் புதைத்தார். பிறகு வேலையையும் விட்டார். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் சிறுவன் ஒருவன் அதைக் கண்டுபிடித்துக் கடிதம் போட்ட பிறகுதான் கம்பெனிக்கே விஷயம் தெரிந்தது. அச்சேறிய சிப்பை மாற்றச் செலவாகும் என்பதால் அப்படியே விட்டார்கள். கேமுக்குள் ரகசியம் ஒளித்தவர்கள் முன்னும் உண்டு; ஊரறியப் புகழ்பெற்றது இதுதான். தேடியவனுக்குப் புள்ளியால் ஒரு புள்ளிகூட ஸ்கோர் ஏறவில்லை. தனக்காக ஒருவர் எதையோ ஒளித்துவைத்திருக்கிறார் என்று தெரிந்ததே போதுமானதாக இருந்தது.

ஒளித்ததைத் தேடிச் சேர்க்கும் இந்த விளையாட்டின் அடுத்த பெரிய வளர்ச்சி ஜப்பானில். டோக்கியோவின் புறநகரான மச்சிடாவில் பூச்சி பிடித்துத் திரிந்தவர் சதோஷி தாஜிரி. வயலும் குளமும் கட்டடங்களாக மாறியபின் வந்த பிள்ளைகளுக்கு, பூச்சி பிடிக்கும் சுகத்தை 1996-ல் ‘போக்கிமான்’ வழியாகக் கொடுத்தார். சிவப்பு, பச்சை என்று இரண்டு கேட்ரிட்ஜ்கள். பிடிக்க வேண்டிய உயிர்களில் சில ஒன்றில் மட்டுமே கிடைக்கும். எல்லாம் வேண்டுமென்றால் நண்பனோடு கேபிள் இணைத்து மாற்றிக்கொண்டே ஆக வேண்டும். சேகரிப்பு இங்கே சிநேகத்துக்கு ஒரு காரணமாயிற்று.

அதே ஆண்டு வந்த ‘சூப்பர் மாரியோ 64’-ல் 120 நட்சத்திரங்கள். கதையை முடிக்க 70 போதும். மிச்சம் 50 ஆசைப்பட்டவருக்கு. அத்தனையும் எடுத்தால் கோட்டைக் கூரைக்குப் போகலாம். அங்கே காத்திருக்கும் யோஷி என்ற டைனோசர் 100 உயிர் தரும், செய்ய வேலை ஏதும் மிச்சமில்லாத வீரனுக்கு!

பிறகு அந்தப் புள்ளிக்கு உடம்பு பெருத்தது. 1999-ன் ‘டாங்கி காங் 64’-ல் ஐந்து குரங்குகள், ஆளுக்கொரு நிறத்தில் வாழைப்பழம், மொத்தம் 3,500. ஒன்றின் பழத்தை இன்னொன்று தொட முடியாது. எதிரே தெரியும் பழத்துக்காகத் திரும்ப நடந்து, ஆளை மாற்றிக்கொண்டு வர வேண்டும். தேடல் அலைச்சலாக மாறிய இடம் இது.

அந்தப் பெருக்கத்துக்கும் ஒரு நியாயம் கற்பித்தது ஸ்காட்லாந்தில் உருவாகி 2007-ல் வந்த ‘கிராக்டவுன்’. நகரத்துக் கூரைகளில் 500 பச்சை உருண்டைகள். கிட்டே போனால் ரீங்காரம் கேட்கும். எடுக்க எடுக்கத் தாவும் சக்தி கூடும். நேற்று எட்டாத மாடி இன்று எட்டும். அங்கே நின்று பார்த்தால் இன்னொரு உருண்டை மின்னும். ‘இன்னும் ஒன்று எடுத்துவிட்டுத் தூங்கலாம்’ என்று உட்கார்ந்தவருக்கு விடிந்தது தெரியாது. ஊரின் ஒவ்வொரு சுவரும் விளிம்பும் இப்படித்தான் மனப்பாடமாயின.

அதே ஆண்டின் ‘அசாசின்ஸ் க்ரீட்’ 420 கொடிகளை ஊர் ஊராக நட்டது. பொறுக்கினால் நாயகனுக்கு ஒரு பலமும் வராது. எக்ஸ்பாக்ஸ் 2005-ல் கொண்டுவந்த சாதனைப் புள்ளிகள் மட்டும் கணக்கில் ஏறும். 2009-ல் வந்த இரண்டாம் பாகம் கொஞ்சம் திருந்தியது. நாயகனின் இறந்துபோன தம்பி சேர்த்துவந்த இறகுகள் 100. எல்லாம் பெட்டியில் சேர்ந்தால் துக்கத்தில் ஊமையான தாய் வாய் திறப்பாள். கூடவே ஒரு மேலங்கி பரிசு. அதைப் போட்டுக்கொண்டால் காவலர்கள் ஓயாமல் துரத்துவார்கள் என்பது வேறு விஷயம்.

அடுத்து வந்தது மேப் காலம். உயரமான கோபுரத்தில் ஏறினால் சுற்றுவட்டாரத்துப் பொருளெல்லாம் மேப்பில் குறியாக விழும். கிச்சுக் கிச்சுத் தாம்பாளத்தில் குச்சி இருக்கும் மணலில் கொடி நட்டுவிட்டுக் ‘கண்டுபிடி’ என்பதுபோல. குறி இருக்கும் இடத்துக்குப் போய், பொத்தானை அழுத்தி, அடுத்த குறிக்கு ஓடுவதைத் தபால் பட்டுவாடா என்று சொல்லலாம். தேடல் என்று சொல்ல முடியாது.

2017-ல் ‘செல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட்’ குறிகளைத் துடைத்தது. கொரோக் என்னும் குட்டி வனதேவதைகள் 900 இடங்களில் ஒளிந்திருந்தன. மலையுச்சியில் தனியே ஒரு கல், கல்வட்டத்தில் ஒரு கல் குறைவு, வரிசையாக நிற்கும் சிலைகளில் ஒன்றின் முன்னால் மட்டும் காலித் தட்டு. உறுத்துகிறதே என்று சரிசெய்தால் ‘யா-ஹ-ஹா!’ என்று ஒன்று குதித்து வந்து விதை தரும். ஆயுதப் பையை முழுதாகப் பெரிதாக்க 441 விதைகள் போதும். பிடிவாதமாக 900-ம் சேர்த்தவருக்குக் கிடைப்பது, சுருண்ட சாணம்போல் ஒரு தங்க உருண்டை. அதனால் ஒரு பயனும் கிடையாது.

ஏமாற்று என்று கோபித்தவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மையான பரிசாகவே படுகிறது. உறுத்திய கல்லைப் புரட்டிய கணத்திலேயே கூலி கொடுத்தாகிவிட்டது. 900 என்பது வழியில் போகும் எவருக்கும் ஒன்றாவது தட்டுப்பட வேண்டும் என்பதற்கான தாராளம். எண்ணிக்கையை வைத்து ஒரு கேமை எடைபோடாதீர்கள். ஒளித்தவரின் குறும்பு தெரிகிறவரை தேடுங்கள். பட்டியலைப் பக்கத்தில் வைத்து டிக் அடிக்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால், அன்றைக்கே மூடிவிட்டு அடுத்த கேமுக்குப் போய்விடலாம்.