வேகமான தரவுப் பரிமாற்றத்துக்கான யூஎஸ்பி கேபிள்

யூஎஸ்பி கேபிள் என்பது கணினியை மொபைல், கேமரா, எஸ்எஸ்டி போன்ற கருவிகளோடு இணைத்துத் தரவையும் மின்சாரத்தையும் கடத்தும் கேபிள். பார்வைக்கு வித்தியாசமே இல்லாத இரண்டு டைப்-சி கேபிள்களில் ஒன்று விநாடிக்கு 480 மெகாபிட் வேகத்தோடு நின்றுவிடும். மற்றொன்று 40 ஜிகாபிட் வரை போகும். எண்பது மடங்குக்கு மேற்பட்ட இந்த வேறுபாட்டைச் செருகியின் வடிவம் காட்டாது. அது உள்ளே ஓடும் கம்பிகளைப் பொறுத்தது.

2000ஆம் ஆண்டில் வந்த யூஎஸ்பி 2.0 கேபிளின் உறையை நீக்கினால் பொதுவாக நான்கு கம்பிகள் தெரியும். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு. பச்சையும் வெள்ளையும் தரவுக்கு. இருப்பது ஒரே தரவு இணை என்பதால், ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் தரவு போகும். 2008இல் அறிவிக்கப்பட்ட யூஎஸ்பி 3.0, அனுப்ப ஒன்றும் வாங்க ஒன்றுமாக இரண்டு இணைகளைக் கூடுதலாகச் சேர்த்து வேகத்தை 5 ஜிகாபிட்டுக்கு உயர்த்தியது. பழைய செவ்வக மூக்குச் செருகியில் இதை வெறும் கண்ணாலேயே அறியலாம்: முன்வரிசையில் நான்கு உலோகத் தகடுகளும், அவற்றுக்குப் பின்னால் ஆழத்தில் இன்னும் ஐந்தும் இருந்தால் அது 3.0. நீல நிற நாக்கு வெறும் வழக்கம்தான், கட்டாயமில்லை. எனவே நிறத்தைவிடத் தகடுகளை எண்ணுவதே நம்பகமானது. 2014இல் வந்த டைப்-சியின் துளையில் 24 முனைகள் உள்ளன. 3.2 தரமும் (2017) யூஎஸ்பி4-உம் (2019) அதன் நான்கு அதிவேக இணைகளையும் ஒருசேரப் பயன்படுத்தி முறையே 20, 40 ஜிகாபிட்டை எட்டின. ஆனால் அந்த இணைகளே இல்லாத டைப்-சி கேபிளைத் தயாரிக்கவும் விதி இடம் தருகிறது. குழப்பத்தின் வேர் இதுதான்.

பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் 60, 100, 240 வாட் என்ற எண்கள் சார்ஜ் ஏற்றும் திறனை மட்டுமே சொல்கின்றன. 240 வாட் தாங்கும் கேபிள் தரவுக்கு 480 மெகாபிட்டோடு நின்றுவிடலாம். சார்ஜருடன் வரும் கேபிள்கள் பெரும்பாலும் இந்த வகை. 2023இல் வந்த ஐபோன் 15 புரோ 10 ஜிகாபிட் வேகத்துக்கு ஏற்றது. ஆனால் அதன் பெட்டியில் இருந்ததோ யூஎஸ்பி 2.0 கேபிள். பெரிய வீடியோ கோப்புகளை மாற்ற விரும்புவோர் தனியாக வேறு கேபிள் வாங்கித்தான் ஆக வேண்டும். மலிவான சில கேபிள்களில் தரவுக் கம்பிகளே இருக்காது. மொபைல் சார்ஜ் ஆகும், கணினியில் தென்படாது.

தரப் பெயர்களும் வாங்குபவருக்கு உதவுவதில்லை. 3.0 என்று அறிமுகமானதே பின்னர் 3.1 ஜென் 1 ஆகவும், 3.2 ஜென் 1 ஆகவும் பெயர் மாறியது. ஆகவே வெறுமனே "யூஎஸ்பி 3.2" என்று அச்சிட்டிருந்தால் அது 5, 10, 20 ஜிகாபிட்டில் எதுவாகவும் இருக்கலாம். 2022இல் யூஎஸ்பி அமைப்பு இந்தப் பெயர்களை ஒதுக்கிவிட்டு, வேகத்தை எண்ணாகவே குறிக்கும் சின்னங்களைக் கொண்டுவந்தது. தரவுக்காக வாங்கும் கேபிளில் ஜிகாபிட் எண் இல்லையென்றால் அதை 480 மெகாபிட் கேபிள் என்றே கொள்வது நல்லது.

வேகம் கூடக் கூட நீளம் குறைய வேண்டும். உயர் அதிர்வெண் சமிக்ஞை செம்புக் கம்பியில் விரைவில் தேய்ந்துவிடுவதே காரணம். உள்ளே பெருக்கிச் சில்லு இல்லாத சாதாரண டைப்-சி கேபிளில் 480 மெகாபிட்டுக்குச் சுமார் 4 மீட்டர், 5 ஜிகாபிட்டுக்கு 2, பத்துக்கு 1, நாற்பதுக்கு 0.8 மீட்டர் என்பதே நடைமுறை எல்லை. இரண்டு மீட்டர் நீளச் சாதாரணக் கேபிள் மலிவு விலையில் 40 ஜிகாபிட் தரும் என்ற விளம்பரத்தைச் சந்தேகிக்கலாம்.

எல்லாருக்கும் உச்ச வேகம் தேவைப்படாது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 480 மெகாபிட் என்பது கணக்குப்படி 60 மெகாபைட், நடைமுறையில் 40க்குள்தான். 50 ஜிபி வீடியோவை மாற்ற இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். 10 ஜிகாபிட் கேபிளில், அதற்கேற்ற எஸ்எஸ்டியும் இருந்தால், ஒரு நிமிடம் போதும். சுழலும் ஹார்டு டிஸ்க்குக்கு 5 ஜிகாபிட்டே தாராளம். அதன் தட்டு அதைவிட வேகமாகப் படிக்காது. 20 ஜிகாபிட் எஸ்எஸ்டி வாங்குமுன் கணினியின் போர்ட்டைப் பார்க்க வேண்டும்: அந்த முறைக்கு ஆதரவில்லாத கணினிகள் பல உள்ளன, அவற்றில் அதே எஸ்எஸ்டி 10க்கு இறங்கிவிடும். போர்ட், கேபிள், கருவி மூன்றில் எது மெதுவானதோ அதன் வேகமே கிடைக்கும்.

வாங்கிய கேபிளைச் சோதிப்பது எளிது. வேகமான எஸ்எஸ்டி ஒன்றை அதில் இணைத்து, மேக் கணினியில் "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" செயலியின் யூஎஸ்பி பகுதியைத் திறந்தால் இணைப்பின் வேகம் எண்ணாகத் தெரியும். 10 ஜிகாபிட் என்று விற்ற கேபிளில் அங்கே 480 மெகாபிட் என்று வந்தால், முதலில் செருகியைக் கழற்றி அழுத்தமாக மீண்டும் செருக வேண்டும். பிறகு வேறு போர்ட்டிலும் பார்க்க வேண்டும். அப்போதும் எண் மாறாமல், இன்னொரு கேபிளில் மட்டும் உயர்ந்தால், கடைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது அந்தக் கேபிளைத்தான்.