பேரேட்டில் இடம் தேடும் ஒரு செலவு

புதுவையிலிருந்து கடலூர் செல்லும் சாலையில், அரியாங்குப்பம் தாண்டியதும் வருவது தவளக்குப்பம். அங்கே இரும்புக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாளில் நம்மிடம் கேட்டார்: "கம்ப்யூட்டர் வாங்கினா சொத்து. கரண்ட் பில்லு செலவு. இந்த ஏஐக்கு மாசாமாசம் கட்டுறது எதுலங்க சேரும்?"

செலவு என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருப்பதை வீடு திரும்பும் வழியில்தான் உணர்ந்தோம்.

தொடக்கக் காலத்தில் மென்பொருளுக்கென்று எந்தப் பேரேட்டிலும் தனி வரி கிடையாது. ஐபிஎம்மின் கணிப்பொறிகள் பெரும்பாலும் வாடகைக்கு வந்தன. மென்பொருள், தேங்காயோடு வரும் நாரைப்போல, கூடவே வந்தது. 1969 ஜூனில் அந்நிறுவனம் இரண்டையும் பிரித்து விலை வைக்கப்போவதாக அறிவித்தது. மென்பொருளை ஒரு தனிப் பண்டமாக உலகம் எண்ணத் தொடங்கியதில் அந்த அறிவிப்புக்குப் பெரும் பங்குண்டு.

நம் கடைக்காரர்களுக்கு அந்தப் பண்டம் வந்துசேர்ந்த கதை வேறு. ஆலைகளுக்கும் நெசவாலைகளுக்கும் பொருள்கள் வழங்கிவந்தவர் ஷியாம் சுந்தர் கோயங்கா. தம் கணக்குக்குப் பொருத்தமான மென்பொருள் கிடைக்காமல், மகன் பரத் கோயங்காவையே எழுதச் சொன்னார். 1986இல் பெங்களூரில் தோன்றிய அந்த நிறுவனத்தின் மென்பொருள்தான் பின்னாளில் டேலி எனப் பெயர்பெற்றது. ஒருமுறை பணம் கொடுத்தால் உரிமம் நம்முடையது. வருமான வரிச் சட்டமும் அதை ஓர் இயந்திரமாகவே பார்த்தது. கணிப்பொறிக்கும் மென்பொருளுக்கும் ஆண்டுக்கு 60 விழுக்காடு தேய்மானம் தந்தது. 2017 ஏப்ரல் முதல் அதை 40 ஆக்கியது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று எப்படித் தேய்கிறது என்று நாம் வியந்ததுண்டு.

பிறகு வாடகை திரும்பி வந்தது, இம்முறை சந்தா என்ற பெயரில். சந்தாவின் வசதி, முதலீடு குறைவு என்பது. அதன் ஆபத்து 2010இல் வெளிப்பட்டது. வாடிக்கையாளர் சேவை மென்பொருள் தந்துவந்த ஸென்டெஸ்க் திடீரென்று விலையை உயர்த்த, வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் எழுதிவைத்த தொகை நடுவிலே பொய்யானால் யார்தான் பொறுப்பார்கள்? நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பழைய வாடிக்கையாளர்களுக்குப் பழைய விலையையே விட்டுக்கொடுத்தது. அந்தச் சச்சரவை இணையத்தில் படித்தவர்களுள் ஒருவர், அப்போது ஜோஹோவில் பணியாற்றிய கிரீஷ் மாத்ருபூதம். அவ்வாண்டே வேலையை விட்டு, சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்நிறுவனம் 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்டது. ஒரு வரவுசெலவுக் கோபத்திலிருந்து இத்தனையும்.

செயற்கை நுண்ணறிவின் கணக்கு சந்தாவோடு நிற்கவில்லை. மாதத்துக்கு இவ்வளவு என்று கட்டும் வழி உண்டு. நிறுவனங்கள் தம் வேலைகளோடு அதை இணைக்கும்போது மீட்டர் ஓடத் தொடங்குகிறது. சொற்களின் துண்டுகளான டோக்கன்களை எண்ணி, கேள்விக்கு ஒரு விலை, விடைக்கு ஒரு விலை என்று வசூலிக்கிறார்கள். எத்தனை கேள்வி வரும் என்று ஏப்ரலில் யாரால் சொல்ல முடியும்? ஆகவே பலர் முன்பணம் கட்டி, தீர்ந்தால் நின்றுவிடும்படி வரம்பு வைக்கிறார்கள். கைப்பேசிக்கு ரீசார்ஜ் போடுவதைப்போலத்தான்.

தமிழருக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாக உடைகின்றன. 2024 மே மாதத்தில் ஓப்பன்ஏஐ தன் புதிய மாதிரியை வெளியிட்டபோது ஓர் ஒப்பீட்டையும் தந்தது. அதன்படி ஒரே செய்தி, முந்தைய முறையில் ஆங்கிலத்தில் 27 துண்டுகள், தமிழில் 116. புதிய முறையில் ஆங்கிலத்துக்கு 24, தமிழுக்கு 35. இடைவெளி பெரிதும் குறைந்தது உண்மை. ஆயினும் அந்தக் கணக்கின்படி, துண்டுக்கு ஒரே விலை என்றால், தமிழில் கேட்பவர் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கட்டுகிறார்.

நண்பரிடம் இதைச் சொன்னோம். அவர் மாதச் சந்தா கட்டுபவர்; துண்டுக்கணக்கு இன்னும் அவரைத் தொடவில்லை. அந்தத் தொகையை 'சில்லறைச் செலவு' என்பதன் கீழ் எழுதிக்கொண்டே, "அப்ப மீட்டரு போட்டா, நம்ம பாஷைக்குக் கூடுதல் வாடகையாங்க?" என்று கேட்டார்.