சுக்னா ஏரிக்கரை

பங்குனி மாதத்தில் சண்டிகர் நகரைக் காண வருவோர், மிதிவண்டி ஒன்றை வாடகைக்கு அமர்த்திக்கொள்வது நலம். அப்பொழுது பனிக்காலத்து மூடுபனி விலகிவிடும். வடநாட்டு வெயிலின் கொடுமையோ இன்னும் தொடங்கியிராது. இலவ மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துச் செம்மலர் சூடி நிற்கும். விரைந்து செல்லும் மோட்டார் வண்டியிலிருந்து இவற்றைக் காண இயலாது. மெல்ல மிதித்துச் செல்பவர்க்கே இவை புலப்படும்.

மிதிவண்டிக்கும் இந்நகருக்கும் தொடர்பு உண்டு. 1947-இல் பஞ்சாப் பிரிவுற்றபோது அதன் தலைநகரான லாகூர் பாகிஸ்தானைச் சேர்ந்தது. இந்தியப் பகுதிக்குப் புதியதொரு தலைநகர் வேண்டியதாயிற்று. 1951-இல் அப்பணியை ஏற்ற கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே, நெடுஞ்சாலை முதல் நடைபாதை வரை வீதிகளை ஏழு வகையாகப் பகுத்தார். மிதிவண்டிக்கென எட்டாவது வகையொன்று பின்னர்ச் சேர்க்கப்பட்டது. ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் அச்சமின்றிச் செல்ல வேண்டும் என்பதே அதன் உட்கருத்து.

நகரின் வடகோடியில் உயர்நீதிமன்றமும் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் நிற்கின்றன. அவற்றைக் கடந்து, உடைந்த ஓடுகளையும் வளையல்களையும் கொண்டு நேக் சந்த் என்னும் அரசு ஊழியர் அமைத்த கற்றோட்டத்தையும் கடந்தால், சுக்னா ஏரி நம் முன் விரிகின்றது. வடக்கே சிவாலிக் குன்றுகள் நீலநிறமாய்த் தோன்றுகின்றன. குளிர்காலத்தை ஏரியில் கழித்த வடதிசைப் பறவைகள், இளவேனில் வந்ததும் தம் நாடு நோக்கிப் புறப்பட்டுவிடும். வண்டியைக் கரையின் அடியில் நிறுத்திவிட்டு மேலேறுகின்றோம். அணையின் மீது வண்டிகள் ஓடலாகாது, நீரில் மோட்டார் படகு செல்லலாகாது என்று கொர்பூசியே வற்புறுத்தினார். மக்கள் நகர வாழ்வின் சலிப்பை மறந்து அமைதி பெறுவதற்கான இடம் அது என்பது அவர் எண்ணம்.

இவ்வேரி இயற்கையாய் அமைந்ததன்று. சிவாலிக் மலையடிவாரத்தில், மழைக்காலத்தில் மட்டும் பெருக்கெடுக்கும் காட்டாறுகளைப் பஞ்சாபியர் 'சோ' என்பர். சுக்னா சோ என்னும் அத்தகைய ஆற்றின் குறுக்கே 1958-இல் அணை எழுப்பப்பட்டது. தலைமைப் பொறியாளர் பி. எல். வர்மா இப்பணியில் கொர்பூசியேவுக்குத் துணை நின்றார். ஏறத்தாழ 3 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏரி உருவாயிற்று. கொர்பூசியேவின் உறவினரும் உடனுழைத்தவருமான பியேர் ஜீன்னரே 1967-இல் ஜெனீவாவில் மறைந்தார். அவரது அஸ்தி 1970-இல் இந்நீரிலேயே கரைக்கப்பட்டது. ஏரியின் மீது அவருக்கு இருந்த பற்று அத்தகையது.

ஆயினும் ஏரி பிறந்தபோதே அதன் நோயும் உடன் பிறந்தது. சிவாலிக் குன்றுகள் இறுகிய பாறையால் ஆனவை அல்ல; மணலும் களிமண்ணும் கூழாங்கற்களும் கலந்த நெகிழ்ந்த நிலம் அது. மரமும் புல்லும் அற்ற சரிவுகளிலிருந்து மழைதோறும் வண்டல் இறங்கியது. இருபது ஆண்டு நிறைவதற்கு முன்னரே ஏரியின் கொள்ளளவில் பாதிக்கு மேல் தூர்ந்துபோயிற்று. நீர்ப்பிடிப்பு நிலத்தில் ஏறத்தாழ 25 சதுர கிலோமீட்டரை அரசு கையகப்படுத்தி மரம் வளர்த்தது. கோடைதோறும் மண்ணை அகற்றும் பணியும் நடைபெற்றது. ஊர்மக்கள் பலரும் கூடை சுமந்து இதில் பங்கு கொண்டனர். நம்மவர் அறிந்த குடிமராமத்தை ஒத்த செயல் இது. எனினும், வந்து சேர்ந்த மண்ணை அள்ளுவது ஒன்று. மண் வாராமற் காப்பது வேறொன்று.

மண் வந்த இடத்தைத் தேடிச் சென்றவர் பி. ஆர். மிஸ்ரா என்னும் மண்வள அறிஞர். அவர் சென்றடைந்தது சுகோமாஜ்ரி என்னும் சிற்றூர். வானம் பார்த்த பூமியை உழுது, ஆடுமாடுகளைக் குன்றுகளில் மேய்த்துப் பிழைத்த ஏழை மக்கள் அங்கே வாழ்ந்தனர். நகரத்தார் படகு விடுவதற்காக உங்கள் ஆடுகளைக் கட்டிப்போடுங்கள் என்று அவர்களிடம் சொன்னால் யார் கேட்பர்? அவர்களுக்கு வேண்டியது பாசன நீர். 1976-இல் அவ்வூர் அருகே சிறிய மண்ணணை ஒன்று கட்டப்பட்டது. மழைநீர் தேங்கி வயலுக்குப் பாய்ந்தது, கோதுமை விளைந்தது. நிலமில்லாக் குடும்பத்திற்கும் நீரில் பங்கு உண்டு என்று ஊரார் விதி செய்துகொண்டனர். குன்றைக் காப்பதில் எல்லார்க்கும் நன்மை உண்டாயிற்று. ஆகவே வேலி இல்லாமலே மேய்ச்சல் நின்றது. ஆடுகள் குறைந்து எருமைகள் பெருகின. மொட்டைக் குன்றில் புல் தழைத்தது. அங்கிருந்து இறங்கிய வண்டலும் வெகுவாகக் குறைந்தது. சுக்னா ஏரியைக் காக்கச் சென்ற முயற்சி, ஒரு சிற்றூரின் வறுமையையும் தணித்தது.

இதனால் ஏரியின் கவலை முற்றும் தீர்ந்துவிடவில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் நீர் வற்றியது. நீர்ப்பிடிப்பு நிலத்தில் கட்டடங்கள் எழுந்தன. 2020 மார்ச்சில் பஞ்சாப்-ஹரியானா உயர்நீதிமன்றம், சுக்னா ஏரியை உயிருள்ள ஒன்றாகக் கருதி அதற்கு உரிமைகள் உண்டு என்று தீர்ப்பளித்தது.

பிழைப்பை நாடிப் பிறமாநில நகரங்களில் குடியேறிய நாம், அந்நகரங்களின் பூங்காக்களையும் ஏரிக்கரைகளையும் நமது உரிமை போல அனுபவிக்கின்றோம், அதில் தவறில்லை. ஆனால் அந்த நீர் எந்த மலையிலிருந்து வருகின்றது, அம்மலையில் யார் வாழ்கின்றனர், அவர்கள் வயலுக்கு நீர் உண்டா என்று வினவுவதும் குடிமகனின் கடமையேயாகும். கரையில் நிற்பவன் காணும் நீர், அவன் கண்ணுக்கெட்டாத உழவனின் காவலில் இருக்கின்றது.