உரலிலிருந்து மைக்ரானுக்கு: ஒரு சுக்கின் பயணம்

சுக்காகப் போகிற இஞ்சியை இளசாகப் பிடுங்குவதில்லை. வயநாட்டுத் தோட்டங்களில் எட்டு மாதம் மண்ணில் முற்றவிட்டு, இலை மஞ்சளித்துக் காயத் தொடங்கிய பிறகே தோண்டுகிறார்கள். தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, கூராகச் சீவிய மூங்கில் பட்டையால் மேல்தோலைச் சுரண்டுகிறார்கள். இரும்புக் கத்தி பட்டால் கிழங்கு கறுக்கும். ஆழமாகச் சீவினால் மணமும் போய்விடும். ஏனென்றால் எண்ணெய் தங்கிய அறைகள் தோலுக்குச் சற்றுக் கீழேயே இருக்கின்றன.

அதன் பிறகு ஒரு வாரம், பத்து நாள் வெயிலில் காய்கிறது. ரகத்தைப் பொறுத்து 100 கிலோ பச்சை இஞ்சியிலிருந்து 16 முதல் 25 கிலோ சுக்கு கிடைக்கும். ஈரம் சுமார் 10 சதவீதத்துக்கு இறங்குகிறது. உள்ளே சரக்கும் மாறுகிறது. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால், உலரும்போது ஒரு நீர் மூலக்கூறை இழந்து ஷோகால் ஆகிறது. ஷோகாலுக்குக் காரம் அதிகம். இஞ்சிக்கும் சுக்குக்கும் நம் வைத்தியர்கள் தனித்தனிக் குணம் சொன்னதற்கு இப்படி ஒரு வேதியியல் அடிப்படை உண்டு.

நாட்டு மருந்துக் கடையிலிருந்து சுக்கு வைத்தியர் வீட்டுக்கு வந்ததும் முதலில் சுத்தி, அதாவது நஞ்சு நீக்கும் வேலை நடக்கும். சுக்குக்குத் தோல் நஞ்சு, கடுக்காய்க்குக் கொட்டை நஞ்சு என்பது பழைய பாடம். சுண்ணாம்பு பூசி ஊறவைத்து, கழுவிக் காயவைத்து, மிச்சத் தோலைச் சீவி எறிவார்கள். பிறகு இளவறுப்பாக வறுத்து உரலில் இடித்து, மெல்லிய துணியில் சலிப்பார்கள். வஸ்திரகாயம் என்பது இதுதான். துணியில் தங்கும் கப்பியை மறுபடி இடிப்பார்கள். சுக்கு நார் மிகுந்தது என்பதால் கப்பி எளிதில் தீராது.

இத்தனை பாடு எதற்கு? சுக்கின் காரமும் எண்ணெயும் செல்களுக்குள் அடைபட்டிருக்கின்றன. தாவரச் செல் பொதுவாக 10 முதல் 100 மைக்ரான் அளவு. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 300 மைக்ரான் துகள் ஒன்றில் பல செல்கள் உடையாமலே இருக்கும். அவற்றின் சுவர் நார்ப்பொருளால் ஆனது. நம் குடலின் நொதிகளால் அதைச் செரிக்க முடியாது. அதனால் உள்ளே இருப்பதில் ஒரு பகுதி உடலுக்கு எட்டாமல் வெளியேறிவிடுகிறது. அந்தத் துகளை 30 மைக்ரானாக்கினால் ஆயிரம் துகள்கள் கிடைக்கும்; மேற்பரப்பு பத்து மடங்காகும். சுவர் உடையும், சத்து வெளிப்படும்.

இன்றைய நுண் அரவை இயந்திரங்கள் சுக்கை இதைவிடவும் நைசாக்குகின்றன. 2009இல் வெளியான ஒரு சீன ஆய்வு, இஞ்சிப் பொடியை 300 மைக்ரானிலிருந்து சுமார் 8 மைக்ரான் வரை படிப்படியாக அரைத்துப் பார்த்தது. நைசாக ஆக ஆக, நீரில் கரையும் பங்கும் புரதம் கரையும் அளவும் கூடின. இதை ஒழுங்காகப் புரிந்துகொள்ள வேண்டும். அரைப்பதால் சுக்கில் புதிதாக எந்தச் சத்தும் பிறப்பதில்லை. இருக்கிற சத்து உடலுக்கு எட்டுவதுதான் எளிதாகிறது.

ஆனால் உடைந்த சுவர் வழியாகக் காற்றும் நுழையும். மேற்பரப்பு பத்து மடங்கானால், ஆக்சிஜனும் ஈரமும் தொடும் இடமும் பத்து மடங்கு. மணம் பறக்கும், பொடி கட்டிபிடிக்கும். இந்தச் சேதம் மில்லிலேயே தொடங்கிவிடுகிறது. மசாலா அரைக்கும்போது சூடு சில நேரம் 90 டிகிரி செல்சியஸை நெருங்கும். சுக்கில் 1 முதல் 3 சதவீதமே உள்ள எண்ணெயில் ஒரு பங்கு அங்கேயே ஆவியாகிவிடும். மில்லிலிருந்து வரும் பொடியின் கமகம வாசனை நமக்குப் பிடிக்கிறது. உண்மையில் அது பொடியை விட்டுப் போய்க்கொண்டிருக்கும் சரக்கு. இதைத் தடுக்கத்தான் சில ஆலைகள் மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனைச் செலுத்திக் குளிரவைத்து அரைக்கின்றன.

சித்த மருத்துவம் ஒவ்வொரு வகை மருந்துக்கும் ஓர் ஆயுள் வகுத்திருக்கிறது. சாற்றுக்கும் குடிநீருக்கும் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். சூரணம் எனும் பொடிக்கு 3 மாதம். பாகில் கிளறும் இளகத்துக்கும் நெய்க்கும் 6 மாதம். நெய்யும் பாகும் பொடியைக் காற்றிலிருந்து மூடிக் காக்கின்றன. சூரணத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆகவே 'அதிநுண் பொடி' என்ற அச்சு மட்டும் தரத்துக்குச் சான்றாகாது. எவ்வளவு நைசு என்பதோடு, எப்போது அரைத்தது, சூடேறாமல் அரைத்ததா, காற்றுப் புகாமல் அடைத்ததா என்றும் கேட்க வேண்டும். வீட்டுத் தேவைக்குச் சுக்கை முழுசாகவே வாங்குங்கள். முழுச் சுக்கு தன் சரக்கைத் தானே காக்கும். மிக்ஸியில் விட்டு விட்டு, சூடேறாமல் அரைத்து, துணியில் சலித்து, சில வாரத்துக்கு வேண்டியதை மட்டும் இறுக்கமான கண்ணாடிப் புட்டியில் வெளிச்சம் படாமல் வையுங்கள். நைசாக அரைப்பது நல்லது. நைசாக அரைத்ததைச் சீக்கிரம் பயன்படுத்துவதும் அந்த வைத்தியத்தின் பாதி.